கேமராவுக்குக் கண்ணில்லாத நாள்கள்

செருப்ப வாசல்லயே விட்டுட்டு வாங்கண்ணே, கோவிச்சுக்காதீக. வெள்ளை டைல்ஸு. தடம் பட்டா அப்படியே தெரியும். கேமராதான் ஓடலையே, யாரு பாக்கப் போறான்னு நெனைப்பீக. நீங்க சரி பண்ணிட்டா ஓடுமுல்ல? ஓடுன ஒடனே எங்க வீட்டுக்காரவுக மொதல்ல தரையத்தான் பாப்பாக.

கதவு தெறந்தே கெடக்கட்டும். நான் இப்படி நிலைப்படியில ஒக்காந்துக்கிறேன். வெளியாளு வந்தா கதவு தெறந்திருக்கணும், எதுத்த வீட்டு சபுரா அக்காவையும் வந்து இருக்கச் சொல்லணும்னு அவுக சொல்லியிருக்காக. அக்கா ரேசன் கடைக்குப் போயிருக்கு. பாப்பா தூங்குது. நான் ஆளுக கிட்ட அவ்வளவா பேசிப் பழகலண்ணே. தப்பா ஏதும் பேசிட்டா மனசுல வச்சுக்காதீக.

கேமராப் பெட்டி டிவிக்கு மேல பலகையில இருக்கு. அந்தத் துணிய எடுத்துருங்க. தூசி விழுகும்னு நான்தான் மூடி வச்சேன். மூடக்கூடாதா? சூடாகிருமா? அதான் தொட்டா சுட்டுச்சு. நான், தூங்குற மனுசருக்கும் ஒடம்பு சூடாத்தானே இருக்கும், அது மாதிரின்னு விட்டுட்டேன்.

உங்க கடைக்கு அவுகதான் மஸ்கட்டுலேருந்து போன் போட்டிருப்பாக. பேரு பில்லுல இருக்கும் பாருங்க. என் வாயால சொல்ல வராது. அங்க பெரிய கோடவுன் ஒண்ணுல காவல் வேலை. காவல்னா கம்பு பிடிச்சு நிக்கிறது இல்ல. ஒரு ரூம்புல சுவரு நெறைய டிவி இருக்குமாம். எல்லாத்துலயும் கேமரா ஓடுமாம். யாரு பெட்டிய எறக்குறா, யாரு சும்மா நிக்கிறான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். கண்ணு எரியுதுன்னு சொல்லுவாக, பாவம். சம்பளத்துக்கு அங்க பாத்துட்டு, ரூமுக்கு வந்து படுத்துக்கிட்டு இங்க பாப்பாக. எங்களுக்காகத்தானே பாக்குறாக. எந்தப் புருசன் இப்படிப் பாப்பான், சொல்லுங்க?

கேமரா வந்த கதைய உங்க கடையில சொல்லியிருப்பாகளே. போன வருசம் பின்னாடித் தெருவுல ஒரு வீட்ட ஒடைச்சு நகைய எடுத்துட்டுப் போயிட்டானுக. அதக் கேட்டதுலேருந்து அவுகளுக்கு ஒறக்கம் இல்ல. ஒரு மாசமா போன்லயே படம் படமாப் பாத்து, உங்க கடைக்காரர் கிட்டப் பேசிப் பேசித்தான் தேர்ந்தெடுத்தாக. நாலு கேமரா. வாசலுக்கு டார்ச்சு லைட்டு மாதிரி நீட்டமா ஒண்ணு. ஹாலுக்கு வட்டமா, மாட்டுக்கண்ணு மாதிரி கருப்பா, அந்தா இருக்குல்ல, அது. அடுப்படிக்கு ஒண்ணு. படுக்கிற ரூமுக்குப் போற வழியில ஒண்ணு. ரூமுக்குள்ள இல்லண்ணே, அவுக அப்படிப்பட்டவுக இல்ல. கதவத்தான் பாக்கும். யாரு போறா, எப்ப லைட்டு அணையுதுன்னு.

வாசலுக்கு சாதாரணமே போதும், உள்ளதுக்குத்தான் ஒசத்தி வேணும், மூஞ்சி தெளிவாத் தெரியணும்னாக. மாட்ட வந்த தம்பி சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு, "திருடன் வெளியிலேருந்துதானே வருவான்?"னு. அவுக போன்லயே சொன்னாக, "நீ மாட்டுற வேலைய மட்டும் பாரு." வாசல் கேமராவுல பூச்சி கூடு கட்டி எத்தனையோ மாசமாப் புகைமூட்டமாத்தான் தெரியுது. அதுக்கு ஆளு வரல. உள்ளது நின்னா ஆளு வந்துரும். இப்ப நீங்க வந்துருக்கீகள்ல, அது மாதிரி.

குத்தமாச் சொல்லலண்ணே. நல்லதும் நடந்திருக்கு. ஒரு நாளு நான் கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன், பாப்பா தவழ்ந்து போயி அந்த பிளக்குல விரல விடப் போயிருக்கு. அங்கேருந்து போன் போட்டுக் கத்துனாக பாருங்க. நான் ஓடி வந்து தூக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, அன்னைக்குப் பிள்ளைய காப்பாத்துனது கேமராதான். அப்பறமா என்னையக் கேட்டாக கேள்வி, அது வேற.

பாப்பா அந்த மாட்டுக்கண்ணப் பாத்துத்தான் "அப்பா"ங்கும். சோத்துக்கையத் தூக்கி அதுகிட்டக் காட்டும். அவுக லீவுல வந்தப்ப இவ அவுக கிட்டப் போகல. அலறிட்டு ஓடியாந்து கேமராவுக்குக் கீழ நின்னு "அப்பா அப்பா"ன்னு அழுகுறா. அவுக அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. பிள்ளைய நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்னாக.

அதுவா? ஷெல்ப்புல சாச்சு வச்சிருக்குற படம்… எங்கம்மா. பஞ்சவர்ணம். போன வாரம் தவறிருச்சு. இன்னும் மாட்டலண்ணே. கேமரா ஓடுனதும் அவுக கிட்டக் கேட்டுட்டு, எந்தச் சுவத்துலங்கிறாகளோ அதுல மாட்டணும். அது எங்கம்மா மாதிரியே இல்ல. ஆதார் அட்டையில இருந்த மூஞ்சிய எடுத்துப் பெருசாக்கி, கண்ணீர் அஞ்சலி போர்டுலயும் அதத்தான் போட்டாக. அந்தப் போட்டோ எடுத்தவன் "கண்ணச் சிமிட்டாத, சிமிட்டாத"ன்னு அதட்டுனானாம், அதான் பேயப் பாத்த மாதிரி முழிக்குது. வேற படம் இல்ல. என் கல்யாணத்துலயும் போட்டோக்காரரு கூப்பிடக் கூப்பிடப் பந்திக்குப் பின்னாடி போயி நின்னுக்கிருச்சு. பொறந்ததுலேருந்து ஒரே ஒரு படம், அதுவும் பயந்த படம்.

அம்மாவுக்கு ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு ஊரு. மீன் விக்கும். காலையில கூடையத் தூக்குனா வெயில் தாழத்தான் வீடு. அப்பா நான் சின்னப் பிள்ளையிலயே போயிட்டாரு. ஒத்தை ஆளா என்னைய வளத்துச்சு. ஆறாவதோட பள்ளிக்கூடத்த நிப்பாட்டுனதும் அதுதான், நல்ல எடத்துல கட்டிக்குடுத்ததும் அதுதான். டைல்ஸ் போட்ட வீட்டுல மக இருக்கான்னு கூடையோட ஊரு பூராச் சொல்லும்.

இங்க அதிகம் வராது. வந்தாலும் குளிச்சு, பவுடரு போட்டுத்தான் வரும், மீன் வாடை இருக்கப்படாதுன்னு. அவுக வரவேண்டாம்னு ஒரு நாளும் சொன்னதில்லண்ணே, அத நான் சொல்லணும். எங்கம்மாவா நின்னுக்கிருச்சு. என்னன்னா, போன ஆடியில வந்துட்டுக் கெளம்புது. கையில ஒரு பை. வாசல்படி எறங்கல, எனக்குப் போன் வருது. "உங்கம்மா பையில என்ன?"ன்னாக. பாப்பாவோட பழைய சட்டைங்கன்னேன். "காட்டச் சொல்லு"ன்னாக. நான் போன ஸ்பீக்கருல வைக்கல, ஆனா அவுக கொரலு சத்தமா இருந்துச்சா, அம்மாவுக்குக் கேட்டுப் போச்சு. நான் வேண்டாம்மா, நீ போன்னு கண்ணக் காட்டுறேன். அது திரும்பி வந்து ஹால்ல நடுவுல நின்னுச்சு. இந்தா, நீங்க நிக்கிற எடந்தான். கேமராவப் பாத்துக்கிட்டே பையிலேருந்து ஒவ்வொண்ணா எடுத்து ஒதறி, ரெண்டு கையிலயும் பிடிச்சுத் தூக்கிக் காட்டுச்சு. பாப்பாவோட கிழிஞ்ச கவுனு. ஜட்டி. ஒரு சாக்ஸு, அதுக்கு ஜோடி இல்ல. சாமிக்குத் தீபம் காட்டுற மாதிரி காட்டிக்கிட்டே நிக்குது. கடைசியில பையவே தலகீழாக் கவுத்துக் காட்டுச்சு.

"சரி, போகச் சொல்லு"ன்னு சொல்லிட்டு அவுக போன வச்சுட்டாக. சந்தேகம்னு இல்லண்ணே. அவுக வேலையே அதுதானே. கோடவுன விட்டு எவன் பையோட போனாலும் தொறந்து காட்டச் சொல்றதுதான். பழக்க தோசம். எங்கம்மாவுக்கு அது புரியல. அதுக்கப்பறம் வரவே இல்ல.

என்னண்ணே, ஏதோ சொன்னீக? வயரா? ஆமா, வயருதான் போச்சு. வைக்கோல் லாரி ஒண்ணு ஒயரம் தெரியாம ஏத்திக்கிட்டு வந்து, தெருவுல தொங்குன கேபிளு, நெட்டு வயரு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. மூணு வாரத்துக்குக் கிட்ட ஆகப் போகுது. கேபிள் ஆபீசுல நான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். அப்பறம் போன்ல காசு இல்ல, அப்பறம் பாப்பாவுக்குச் சளி… அப்படியே இழுத்துருச்சு. நேத்துத்தான் வயர இழுத்துக் கட்டிட்டுப் போனாக. செல்போன்ல வீடியோ பேசலாம்னா எங்க தெருவுல சிக்னலு ஒரு புள்ளி, படம் சுத்திக்கிட்டே நிக்கும். அவுக சும்மா போன்ல ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிருவாக. "ஒண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியல"ன்னு பொலம்புவாக. அவுக தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

என்ன சொல்றீக?

இல்ல, திருப்பிச் சொல்லுங்க.

ஒண்ணும் போகலையா? எல்லாம் பத்திரமா இருக்கா?

அதெப்படிண்ணே? நெட்டு இல்லையே. நெட்டு இல்லேன்னா கேமரா குருடுன்னு அவுகதானே சொன்னாக. ஒரு தடவை ரீசார்ஜ் பண்ண மறந்ததுக்குத் திட்டுறப்ப அப்படித்தான் சொன்னாக. "நெட்டு இல்லேன்னா கேமரா குருடுடி, வீடே குருடு."

நெட்டு இருந்தா அவுகளுக்குத் தெரியும்… நெட்டு இல்லாட்டியும் பெட்டி தன்னால எடுத்துக்கிட்டே இருக்குமா? டிவியில ஓரமா செவப்பா ஒரு புள்ளி, பக்கத்துல இங்கிலீஷ் எழுத்து இருந்துச்சே, அது அதுதானா? நான் கூட்டிப் படிச்சுப் பாத்தேன், விளங்கல. கரண்டு இருக்குன்னு காட்டுதுன்னு இருந்துட்டேன்.

அப்ப எல்லாம் இருக்கு.

பூட்டின வீட்டையும் எடுத்திருக்குமா? எங்கம்மா சாவுக்குப் போயி மூணு நாளு பூட்டிக் கெடந்துச்சே. அதையுமா? சும்மா வெறும் வீட்டையா?

தண்ணி குடிக்கிறீகளாண்ணே? இல்ல, எனக்குத்தான் வேணும்.

நீங்க நல்ல சேதின்னு நெனைச்சுத்தான் சொன்னீக. உங்க மேல தப்பில்ல. இப்ப நெட்டக் குடுத்தா, அவுக அங்கேருந்து பழைய நாளெல்லாம் ஓட்டிப் பாக்கலாமுல்ல? பாப்பாக. விட்டுப்போன நாளு ஒண்ணு விடாமப் பாப்பாக. லீவு போட்டுக்கூடப் பாப்பாக.

அண்ணே, ஒண்ணு சொல்றேன். சபுரா அக்கா வந்துட்டா நிப்பாட்டிருவேன். இல்ல, அக்காவுக்குத் தெரியும். அதுதான் எங்கம்மாவுக்குச் சொல்லி விட்டதே. வயரு அந்துபோன ரெண்டாம் நாளு, சந்தையில எங்கம்மாவப் பாத்துட்டு, "கேமரா செத்துக் கெடக்குடி பஞ்சவர்ணம், போயி பிள்ளையப் பாத்துட்டு வா"ன்னிருக்கு. அன்னைக்கு மத்தியானமே வந்து வாசல்ல நிக்குது. உள்ள வரல. தலைய மட்டும் நீட்டி, "நெசமாவே செத்துருச்சா?"ன்னு கேமராவக் காட்டிக் கேக்குது. கண்ணு தெரியாதும்மா, வா, குருடுதான்னேன்.

ஒரு வாரம் இருந்துச்சு. நெஞ்சுல சளி கட்டி இழுத்துக்கிட்டுத்தான் வந்துச்சு. இங்க வந்து கொஞ்சம் தேறுன மாதிரி இருந்துச்சு. அந்த சோபாவுலதான் படுக்கும். அதுல அது ஒரு நாளும் ஒக்காந்ததே இல்ல தெரியுமா? மொத நாளு நுனியில ஒக்காந்துச்சு. மறுநாளு சாஞ்சு ஒக்காந்துச்சு. அப்பறம் காலத் தூக்கி மேல போட்டுக்கிட்டு, "அடியே, இது பஞ்சா ரப்பரா?"ன்னு கேட்டுக்கிட்டே தூங்கிப் போச்சு. அடுப்படியில ஒக்காந்து கெளுத்தி ஆஞ்சுச்சு. வீடெல்லாம் மீன் வாடை. ஜன்னலக்கூடத் தெறக்கலண்ணே நான். அப்படியே கெடக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கு எண்ணெய் தேச்சு விட்டுச்சு. நான் அதும் மடியில தலைய வச்சு, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே கெடந்தோம். இதெல்லாம் பாத்தா அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. திட்டுவாக, அம்புட்டுத்தான்.

இன்னொண்ணு இருக்கு.

ஒரு நாளு சாயங்காலம். அம்மா ஊருக்குப் போறதுக்கு மொத நாளு. பையில துணிய எடுத்து வச்சுக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு எந்திரிச்சு, பையத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கு நடுவுல போயி, கேமராவுக்கு முன்னாடி நின்னுச்சு. மாராப்ப இழுத்துச் சொருகிக்கிட்டு, "மாப்ளே, கும்புடுறேன்"னுச்சு. "பாத்துக்கங்க மாப்ளே. இது கருவாடு. உங்க வீட்டுது இல்ல, நான் கொண்டாந்தது, நீங்க வேணுமின்னா மோந்து பாத்துக்கங்க." கருவாட்டத் தூக்கிக் கேமரா மூக்குல இடிக்கிற மாதிரி காட்டுது. "இது என் வெத்தலப் பை. இது என் சீலை. இந்தா, இது என் பல்லு"ன்னு பல்லக் காட்டுது. "வேற ஒண்ணும் களவாங்கல மாப்ளே. உங்க பொண்டாட்டியக் களவாண்டுட்டுப் போகலாம்னு பாத்தேன், பையில புடிக்க மாட்டேங்குறா."

நான் சிரிச்சேன்ணே. அப்படிச் சிரிச்சேன். தரையில ஒக்காந்து வயித்தப் பிடிச்சுக்கிட்டு. பாப்பாவும் அதோட ஜட்டிய எடுத்துட்டு வந்து கேமராவுக்குக் காட்டுது. அம்மா பாப்பாவத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் சேந்து நாக்க நீட்டுனாக. அப்பறம் அம்மா நடிச்சுக் காட்டுச்சு, அவுக மாதிரி. கைய இடுப்புல வச்சுக்கிட்டு, மொகத்த உம்முன்னு வச்சுக்கிட்டு, "ஏய், பால எங்க வச்ச? ஏய், யாரு கூடப் பேசுன?"ன்னு. அச்சா அவுக மாதிரியே. நான் எந்திரிச்சுப் போயி, "இல்லீங்க, சரிங்க, இல்லீங்க"ன்னு… நானும் நடிச்சேன்.

அது இருக்கு இதுக்குள்ள.

மறுநாளு ஊருக்குப் போச்சு. நாலு நாளு கழிச்சு சந்தையிலயே கூடைய எறக்கி வச்சுட்டு, நெஞ்சு அடைக்குதுன்னு ஒக்காந்ததுதான்.

நடுவுல அவுக போன் போட்டப்ப ஒரு தடவை கேட்டாக, "உங்கம்மா வந்துச்சா?"ன்னு. என்னமோ தோணியிருக்கு. வரலீங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கிட்டு இருந்தேன், சபுரா அக்கா வீட்டுக்குப் போனத. அப்பயே சொன்னாக, "இன்னொரு பொய் சொன்ன, பாப்பாவ எங்கக்கா வீட்டுல விட்டுட்டு, ஒன்னைய உங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருவேன்." அவுக அக்கா புதுக்கோட்டையில இருக்காக. பிள்ளை இல்ல. பாப்பாவக் கேட்டுக்கிட்டேதான் இருக்காக. அவுக சொன்னா செய்வாக. கோவக்காரரு இல்ல, ஆனா சொன்னதச் செய்வாக.

அம்மா வீட்டுக்கு அனுப்புவேன்னா… அம்மா வீடுன்னு ஒண்ணு இப்ப இல்லையேண்ணே.

அழிச்சுருங்க.

உங்க கஷ்டம் தெரியுது. அவுகதான் உங்களுக்குச் சொன்னவுக, அவுகதான் காசு அனுப்புறவுக. கடைக்காரர் கேப்பாரு. ஆனா நீங்களே இப்பச் சொன்னீகளே, மூணு வாரத்துக்கு மேலன்னா பெட்டியே பழசத் தின்னுட்டு அது மேல புதுசு எழுதிக்கிரும்னு. இன்னும் ரெண்டு மூணு நாளுல அதுவே ஒவ்வொரு நாளாத் தின்ன ஆரம்பிச்சுரும். அது தின்னா தப்பில்ல, நீங்க அழிச்சாத் தப்பா? வெயிலு, துணி போட்டு மூடினது, கரண்டு ஏறி எறங்குனது, ஏதாவது சொல்லுங்க. டிஸ்க்கு அடிபட்டுப் போச்சு, புதுசாத் தொடங்க வேண்டியதாப் போச்சுன்னு. துணி போட்டது நான்தான்னு சொல்லுங்க. அந்தத் திட்ட நான் வாங்கிக்கிறேன். எனக்கு அது பழக்கம்.

அவுககிட்ட நான் எதையும் மறைக்கிறவ இல்லண்ணே. இது ஒண்ணுதான்.

இருங்க. இருங்க, இருங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டுங்க. ஒரே ஒரு தடவை.

…

இப்பயும் எடுக்குதா? நான் இங்க ஒக்காந்து பேசுறது, அழுறது, எல்லாமா? சத்தம் எடுக்காதுல்ல? வாய் அசையுறது தெரியும். சரி, அழிக்கிறப்ப இதுவும் சேந்து போயிரும். ஓட்டுங்க.

இந்தா. இதுதான் எங்கம்மா.

பாத்தீகளா, அந்தப் படத்துல இருக்குறது வேற யாரோ. எங்கம்மாவுக்கு இப்படித்தான் கண்ணு சுருங்கும். சத்தமே இல்லாமப் பேசுது பாருங்க. நல்லா பேசுது. இது கருவாட்டக் காட்டுறது. இது… இது பல்லு. நான் இப்படியாண்ணே சிரிப்பேன்? வாயி இவ்வளவு பெருசாத் தெறக்குமா எனக்கு? எனக்கே தெரியலயே. மூஞ்சி தெளிவாத் தெரியணும்னு ஒசத்தி கேமராவாப் போட்டாக. தெளிவாத்தான் இருக்கு.

போதும். இல்ல, அந்த எண்ணெய் தேய்க்கிறது… வேணாம். போதும்.

என்னது, வேற ஒண்ணுல எடுத்துத் தரலாமா? என் போன்ல போட முடியாதுண்ணே. இதுல எடுக்குற படமெல்லாம் அவுக போன்லயும் தெரியுற மாதிரி பண்ணியிருக்காக. டிவியில சொருகிப் பாக்கலாம்தான். ஆனா டிவிய எங்க ஒக்காந்து பாத்தாலும் அந்த மாட்டுக்கண்ணு பாக்குமே. நான் பாக்குறத அது பாக்கும். நான் எங்க வச்சுப் பாப்பேன், சொல்லுங்க?

நகத்தளவுதான் இருக்கு இந்தக் கார்டு. இதுக்குள்ளயா அந்த ஒரு வாரமும் புடிக்கும்? உங்க பையில எப்பயும் வச்சிருப்பீகளா? சின்னக் கேமராவுக்குப் போடுறதா? காசு வேணாம்னு தலையாட்டாதீக… சரி, நீங்க என் கூடப்பொறந்தவரு மாதிரி. போடுங்க. பாக்க முடியாட்டியும் இருக்கட்டும். எங்கம்மாவ எரிச்ச எடத்துல ஒண்ணும் மிச்சமில்ல. கட்டிக்குடுத்த பொண்ணுக்குத் தீட்டே மூணு நாளுதான்னு மூணாம் நாளு குளிச்சுட்டு வந்துட்டேன். இது இருக்கட்டும்.

எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிறேன். அரிசிப்பானையத் தெறந்தாலும் கேமராவுக்குத் தெரியும். பீரோ சாவிக்கொத்து எங்க இருக்குன்னு தெரியும். என் சேலை மடிப்பு மாறி இருந்தா தெரியும்.

இருங்க, சாமி படத்துக்குக் கீழ மஞ்சத் துணி கெடக்கும். இந்தா. ஒரு ரூபா காசு வைக்கணும், அதையும் இதையும் சேத்து மடிச்சு… முடிஞ்சாச்சு. குலசாமிக்குக் காணிக்கை முடிச்சு. இத நேந்துக்கிட்டா, வேண்டுனது நடந்து கோயில்ல செலுத்துற வரைக்கும் யாரும் அவுக்கப்படாது. அவுகளும் சாமி விசயத்துல கை வைக்க மாட்டாக. சாமி படத்து ஆணியிலயே தொங்கவிடுறேன். கேமராவுக்கு நேரா. பாக்கட்டும்.

சாமி பேருல பொய் சொல்றேன்னு நெனைக்காதீக. நெசமாவே வேண்டிக்கிட்டுத்தான் முடிஞ்சேன். என்ன வேண்டிக்கிட்டேன்னு மட்டும் கேக்காதீக.

அழிச்சாச்சா? அம்புட்டுத்தானா? ஒரு சத்தம்கூட வரலையே.

நாக்காலிய எடுத்த எடத்துலயே போட்டுட்டேன். டம்ளரக் கழுவிட்டேன். நெட்டக் குடுத்த ஒடனே நீங்க கொஞ்சம் வாசப்பக்கமாப் போயி நின்னுக்கங்கண்ணே, மொத மொதல்ல உங்களத்தான் பாத்தாகன்னா ஒரு மாதிரி இருக்கும். நான் மூஞ்சியத் தொடச்சுக்கிறேன். இப்ப நெட்டக் குடுங்க.

பச்சை லைட்டு வந்துருச்சு.

போன் அடிக்குது பாருங்க. நான் சொல்லல?

என்னங்க… ஆமாங்க. வந்துருச்சுங்க. தெரியுதா? நாந்தான், ஹால்ல நிக்கிறேன். வாசல்ல நிக்கிறாருங்க. இல்லீங்க, கதவு தெறந்துதான் இருந்துச்சு. அக்கா ரேசனுக்குப் போச்சுங்க. பழசா? அது… டிஸ்க்கு அடிபட்டுப் போச்சாங்க. நான் துணி போட்டு மூடிட்டேங்க, சூடாகிப் போச்சாம். தெரியாதுங்க. தப்புதாங்க. இனிமே மூட மாட்டேங்க. அவருகிட்ட வேணுமின்னா கேளுங்க. வெங்காயம் அரிஞ்சேங்க, அதான் கண்ணு.

அந்தப் படமா? எங்கம்மாங்க. சரிங்க, உள் ரூம்புல வச்சுர்றேங்க.

மஞ்சத் துணியா? அது குலசாமிக்குங்க. நீங்க நல்லபடியா ஊரு வந்து சேரணும்னு முடிஞ்சு போட்டேன். இப்பத்தாங்க. ஆமாங்க.

கையிலயா? ஒண்ணுமில்லீங்க.

இல்லீங்க, ஒண்ணும் இல்ல. இந்தா, பாருங்க. இது வலது கை. இது எடது கை. தெரியுதாங்க? இன்னுங் கொஞ்சம் மேல தூக்கவா?